அனஸின் முறை

அந்த ஆட்டத்தில் எந்தப் படையும் நூறு பேருக்குக் கீழே இறங்காது. கடைசி நூறு பேர் செத்தால் படையே அழிந்து, கொடியும் மறைந்துவிடும். மூன்று வருடமாக ஆடிவரும் அறிவழகனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வைகாசி மாதத்து அந்த வியாழக்கிழமை உச்சிவெயிலில், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரின் கடைசி கேபினில், வெந்துகொண்டிருந்த ப்ளைவுட் பலகைகளின் வாடைக்கும் தலைக்கு மேல் கிறீச்சிட்டுச் சுற்றிய மின்விசிறிக்கும் நடுவே உட்கார்ந்து, பாலைவனக் கோட்டையில் நின்ற அனஸின் படைமேல் அம்புக்குறியை வைத்தபோது தெரிந்த எண்ணிக்கையை அவன் நம்பவில்லை.

ஒன்று.

போன முறை நானூறு இருந்தது. அம்புக்குறியை நகர்த்திவிட்டு மறுபடியும் கொண்டுவந்து வைத்தான். ஒன்று. திரையில் தூசி ஒட்டியிருக்குமோ என்று விரலால் துடைத்துப் பார்த்தான். வெளியே கண்டக்டர் ஒருவர் துறையூர், துறையூர் என்று கூவிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு படைக்கும் அடையாளமாக வேல் பிடித்த சிறு வீரன் ஒருவன் வரைபடத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பான். எல்லாப் படைக்கும் அதே பொம்மை, அதே அசைவு. அனஸின் வீரன் மட்டும் உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து. உட்கார்ந்திருக்கும் பொம்மை அந்த ஆட்டத்தில் கிடையாது.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் இருந்த மூன்று பேர் தொடங்கிய ஆட்டம் அது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய உலகம்; ஆளுக்கொரு ராஜ்யம். அழகேசன் பிரான்ஸை எடுத்துக்கொண்டான். அறிவழகன் கப்பல்களுக்கு ஆசைப்பட்டு வெனிஸை எடுத்தான். லப்பைக்குடிக்காட்டு முகமது அனஸ் எகிப்தையும் அரபு தேசத்தையும் கேட்டு வாங்கினான். "எப்படியும் அந்தப் பக்கந்தானே சம்பாதிக்க சபருக்குப் போகப்போறேன். இப்பவே எடத்தைப் புடிச்சு வச்சுக்கிறேன்" என்று சிரித்தான்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போனபிறகு ஆட்டம் ஈமெயிலில் தொடர்ந்தது. ஒருவன் தன் முறையை, அதாவது ராஜ்யத்தின் ஒரு வருடத்தை, ஆடி முடித்து ஃபைலை மற்ற இருவருக்கும் அனுப்ப வேண்டும். ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலையில் இருந்த அழகேசன் ஆடியபின் அனஸ். அனஸுக்குப் பின் அறிவழகன். அவரவர் முறையைத் திறக்க அவரவர் பாஸ்வேர்டு. வளைகுடாவில் ஒர்க் ஷாப் வேலைக்குப் புறப்பட்ட அன்று திருச்சி ஏர்போர்ட் வாசலில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அனஸ் தன் பாஸ்வேர்டை அறிவழகன் காதில் சொன்னான். "நான் லேட் பண்ணா நீயே ஆடிடு மாப்ள. என் ஆளுங்களைப் பார்த்துக்க."

மாசி மாதம் அனஸிடமிருந்து ஃபைல் வரவில்லை. பத்து நாள் பொறுத்தான். அந்தச் சமயம் அனஸின் நாலாயிரம் பேர் துறைமுகத்தில், அறிவழகனின் தீவைப் பார்த்து நின்றார்கள். அடுத்த முறை தீவு போய்விடும். அறிவழகன் அனஸின் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தான். அந்தப் படையைத் தொடாமல் விட்டிருக்கலாம். கடலுக்கு வெகு தூரத்தில், பாலைவனத்தின் நடுவில் இருந்த கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோய் விட்டான். அனஸ் வந்தால் நாலு கெட்ட வார்த்தை திட்டுவான், பிறகு சிரிப்பான், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

அனஸ் வரவில்லை. அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் அறிவழகனே ஆடினான். ஒவ்வொரு வருடமும் பாலைவனம் அந்தப் படையைத் தின்றது. திரும்ப அழைத்துவர ஒரு கிளிக் போதும். தீவின்மேல் இருந்த ஆசையில் அதைச் செய்யவில்லை.

ஆட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அனஸின் அத்தா ரஹ்மத்துல்லா வெள்ளிக்கிழமைதோறும் பெரம்பலூரில் ஜும்ஆ தொழுதுவிட்டு இங்கே வருவார். பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையை அறிவழகனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மகனிடமிருந்து போன் நின்றுபோன அந்த மாசி மாதத்தில் ஒரு நாள், "போன் பண்ண மாட்டேங்குறான் தம்பி. ஆட்டமாவது ஆடுறானா?" என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் "ஆடியிருக்கான் அத்தா" என்று வாயில் வந்துவிட்டது. "அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லி, அவர் லேசான நடையோடு பஸ் ஏறப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி. அதே பதில்.

எண்ணிக்கை ஒன்று என்று காட்டிய அந்த வியாழனுக்கு மறுநாள் அவர் வந்தபோது கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அங்கேருந்து பேசுனான் தம்பி. அனஸு ஒர்க் ஷாப்புல இல்லியாம். மாசி மாசமே அந்த மொதலாளி வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி, எங்கியோ பாலைவனத்துல ஆடு மேய்க்க விட்டுட்டானாம்."

அறிவழகன் மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"அங்க கரண்டு கெடையாதாம், போன் கெடையாதாம். பொறவு உனக்கு எப்படி ஆட்டம் அனுப்புறான்?"

மின்சாரம் போயிற்று. விசிறி மெல்ல அடங்க, யூபிஎஸ் மட்டும் விட்டு விட்டுக் கத்தியது.

"எப்பவாவது டவுனுக்கு வருவான் போல, அத்தா."

கிழவரின் தோள்கள் தளர்ந்தன. "அதான பார்த்தேன். வந்து போயிட்டுத்தான் இருக்கான்." தாளை விரித்துக் காட்டினார். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்க எழுதிய மனு. "கொடுத்து, அது அந்த மொதலாளி காதுக்குப் போயி, புள்ளை மேல கோவப்பட்டா என்ன பண்றது? ஆடிக்கிட்டுதானே இருக்கான். என்ன சொல்ற?"

கொடுங்கள் என்ற ஒரு சொல் போதும். அவன் கீபோர்டைப் பார்த்தான். ரஹ்மத்துல்லா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் ஃபைலைத் திறந்தான். கோட்டையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஒரு முறை; அங்கிருந்து கிழக்குக் கரைத் துறைமுகத்துக்கு இன்னொரு முறை. உட்கார்ந்திருந்த வீரனைத் தொட்டு, சாலையைத் தொட்டான். மற்ற படைகள் பலகைமேல் காய் போல வழுக்கிக்கொண்டு போகும். இவன் கையைத் தரையில் ஊன்றினான். எழுந்தான். நடந்தான். ஒவ்வொரு அடியாக. அந்த நேரம் முழுவதும் கேபினுக்குள் ஆட்டுப்பட்டியின் வாடை அடித்தது, மூத்திரமும் காய்ந்த புழுக்கையும் கலந்த வாடை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். வரிசையாக வெற்று நாற்காலிகள். யாரும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரஹ்மத்துல்லா உள்ளே வந்ததும் உட்காரவில்லை.

"ஒரு மலையாளி டிரைவர் பார்த்திருக்கான் தம்பி. ரோட்டோரமா நடந்து போயிக்கிட்டு இருந்தானாம். கூப்புட்டதுக்குத் திரும்பலியாம். யாரோ கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி நடந்தானாம்."

"என்னைக்கு?"

"போன வெள்ளிக்கிழமை. அங்க மத்தியானம்."

அறிவழகன் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும். பாஸ்வேர்டு, தீவு, கோட்டை, பொய். ரஹ்மத்துல்லா திட்டவில்லை. வெளியே மூன்று பஸ்கள் வந்து போயின.

"அனஸோட அம்மா சுல்தானா, சொன்னா கேக்கல. திங்கக்கிழமை மனுவைக் கொடுத்துட்டோம்" என்றார் கடைசியில். "ரெண்டு மாசம் ஆவும்னாங்க. நீ எத்தனை நாள்ல கொண்டாருவே?"

"அத்தா, இது வெறும் ஆட்டம்."

"ஆட்டந்தான். எங்க கொண்டு போயி வச்சியோ, அங்கேருந்து கொண்டா."

அவர் போனபின் அழகேசனுக்குப் போன் செய்தான்.

"என்னடா வெனிஸ் ராஜா, நடுங்கிட்டியா?"

"இன்னைக்கே ஆடி அனுப்புடா. துறைமுகத்துப் பக்கம் மட்டும் வராத."

"அனஸுக்கு நீதானே ஆடுற?" பின்னால் ஆலையின் இரைச்சல். "மாசியிலேயே தெரியும். அவன் ஒருநாளும் கோட்டைக்குள்ள போயி உக்கார மாட்டான்டா. எனக்கு லாபம், சும்மா இருந்துட்டேன்."

"ரோட்டுல ஒத்தை ஆளு நிக்கிறான் பாரு. எண்ணிக்கை ஒண்ணுன்னு காட்டுது."

"ஒண்ணுன்னு காட்டாதுடா."

"தெரியும்."

மௌஸ் தட்டும் சத்தம் கேட்டது. "எனக்கு அந்த ரோட்டுல யாருமே இல்லியேடா" என்றான் அழகேசன். அதன்பிறகு அவன் கிண்டல் எதுவும் பேசவில்லை. அன்று மாலையே ஃபைல் வந்தது. அறிவழகன் வீரனைத் துறைமுகத்துக்கு நடத்தினான். அங்கே அனஸின் ராஜ்யத்துக்கென்று ஒரே ஒரு படகு கட்டிக் கிடந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர்கள் குடும்பமாக வந்தார்கள். ரஹ்மத்துல்லா, துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் பிடித்த சுல்தானா, அனஸின் தங்கை ஃபஹ்மிதா. பக்கத்துக் கேபின் நாற்காலிகளை இழுத்துப் போட்டு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அத்தர் வாசனையும் வியர்வையும் அந்தச் சிறு இடத்தை நிறைத்தன.

"எது எம்புள்ளை?" என்றாள் சுல்தானா.

அவன் காட்டினான். அரிசி அளவு பொம்மை. அவள் அவன் தோளில் கையூன்றி முன்னால் குனிந்து பார்த்தாள்.

"எளச்சுப் போயிட்டான்."

"படகுல ஏத்து தம்பி" என்றார் ரஹ்மத்துல்லா.

ஏற்றினான். வீரன் படகின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, தடுமாறி, மறுகாலையும் வைத்தான். படகு கரையை விட்டது. அந்தப் பக்கம் வரைபடம் அரபுக் கரையைத் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலம்தான். அதற்கப்பால் கறுப்பு. செய்தவர்கள் அதற்கு மேல் எதையும் வரையவில்லை.

சுல்தானா எட்டி, திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "நம்மூரு இங்கதானே இருக்கும்?"

"இன்னும் கொஞ்சம் கீழம்மா" என்றாள் ஃபஹ்மிதா.

"அங்க கொண்டா."

"அங்க கடலே இல்லம்மா" என்றான் அறிவழகன். "ஒண்ணுமே இல்ல."

"தள்ளித்தான் பாரேன் தம்பி."

பின்னால் மூன்று பேரின் மூச்சு. அவன் கறுப்பின்மேல் தட்டினான். முடியாது என்பதற்கு ஆட்டம் ஒரு டொக்குச் சத்தம் எழுப்பும். எழுப்பவில்லை. படகு நகர்ந்தது. பாதி கறுப்புக்குள். பிறகு முழுதும்.

ஒரு ராஜாவுக்குத் தன் ஆட்கள் நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் உலகம் தெரியும். அனஸுக்குத் தெரிந்த உலகம் அணையத் தொடங்கியது. கோட்டை. சாலை. துறைமுகம். கடல். திரை முழுதும் கறுப்பு. கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை; வெள்ளை அம்புக்குறி மட்டும் அந்தக் கறுப்பில் நகர்ந்தது. எஸ்கேப்பைத் தட்டினான். எதுவும் இல்லை. மறுபடி தட்டினான். எதுவும் இல்லை.

ரஹ்மத்துல்லாவின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். நம்பர் எதுவும் இல்லை. காதில் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது. "அனஸு" என்றார். சுல்தானா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இருட்டா இருக்காம். சுத்தித் தண்ணியாம். ஒரு கரையும் தெரியலியாம்." போனை எடுத்து அறிவழகனின் காதோடு அழுத்தினார். "எந்தப் பக்கம்னு உன்னைக் கேக்கச் சொல்றான்."

தண்ணீரின் சத்தம். வெகு அருகே. அதற்குமேல் ஒரு மூச்சு, பேசாமல், காத்துக்கொண்டு.

அவன் அம்புக்குறியை வலப்பக்கம் நகர்த்தினான். காதுக்குள் துடுப்பு ஒன்று தண்ணீரில் விழுந்தது. நிறுத்தினான். அதுவும் நின்றது. இடப்பக்கம். மறுபடி துடுப்பு.

"சொல்லு தம்பி" என்றாள் சுல்தானா.

திரையில் வலமும் இல்லை, இடமும் இல்லை. கறுப்பு. அவன் கையை அசைக்காமல் வைக்கப் பார்த்தான். மணிக்கட்டை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். கை நடுங்கியது. நடுங்க நடுங்க, காதுக்குள் துடுப்பு விழுந்துகொண்டே இருந்தது.