இடி தின்ற பதிவு

"செல்போனை உள்ள கொண்டுபோயி அவருதான் தீய வரவச்சாருன்னு எழுதிட்டாகம்மா. வாசல்லயே போனைக் குடுத்துட்டுத்தான் அவரு வேலைக்குப் போவாரு. அதக் கேக்க ஆளில்ல," என்றாள் வீரலட்சுமி.

அவள் கணவன் மொக்கைச்சாமி தீக்காயங்களோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், பேக்கிங் அறை எரிந்த அன்றைய கேமராப் பதிவு மட்டும் இல்லை. இடி விழுந்து கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"இடி ரொம்ப நல்ல இடி. வேண்டாத நாளை மட்டும் பாத்துத் தின்னுருக்கு," என்றாள் கற்பகவல்லி. விருதுநகரில் கம்ப்யூட்டர் மோசடிகளைத் துப்பறிவது அவள் தொழில். உதவியாளன் மணிமுத்து அதற்குள் கார் சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

கம்பெனியில் விசாரணைக்கு வந்திருந்த தொழிலாளர் துறை அதிகாரி, வீரலட்சுமி தரப்பில் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்க்கலாம் என்று அனுமதித்தார். முதலாளி ஜெயச்சந்திரன் வீரலட்சுமியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாக்கட்டும் சார். அழிஞ்சதுல என்னத்தத் தேடப் போறாக? ரெண்டு நாளா அது செத்துக் கிடந்துச்சு. மூணாம் நாள்தான் உயிர் வந்துச்சு. என்ன பாண்டிராஜ்?"

"ஆமாங்க மொதலாளி," என்றார் மேனேஜர் பாண்டிராஜ். முதலாளி தும்மினால்கூட ஆமாம் என்று சொல்லும் ரகம்.

கற்பகவல்லி மவுசைத் தொடவில்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஒற்றைச் சொல்லைத் தட்டினாள்.

"இதுல படம் தெரியுமாக்கும்?" ஜெயச்சந்திரன் சிரித்தார்.

"படம் தெரியாது. பொய் தெரியும்," என்ற அவள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். "சார், இந்தக் கம்ப்யூட்டர் கடைசியா ஆன் ஆனதுலருந்து எவ்வளவு காலமா ஓடுதுன்னு இந்தக் கட்டளை சொல்லும். தீ விபத்து நடந்து ஒரு மாசம் ஆகுது. இது மூணு மாசமா ஒரு நிமிஷம்கூட நிக்கல."

அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப… கேமரா வயர்ல இடி விழுந்துருக்கும்," என்றார் ஜெயச்சந்திரன்.

"ஒரு பொய்யையாவது ஒழுங்காச் சொல்லுங்க. வயர்த் தொடர்பு அறுந்தா அதையும் இது குறிச்சு வைக்கும். இந்தா பாருங்க, ஒருதடவைகூட அறுபடல." அவள் அடுத்த கட்டளையைத் தட்டினாள். "மணிமுத்து, கேமராப் பதிவு எடுக்கிற கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?"

"படத்தை வாங்கிச் சேத்து வைக்கிறது, அக்கா. வெளிய அனுப்புற வேலை அதுக்குக் கம்மிதான்."

"நெட்வொர்க் வழியா எம்புட்டு வந்துச்சு, எம்புட்டுப் போச்சுன்னு இங்க இருக்கு. மிஷின் நிக்காததால இந்தக் கணக்கும் அழியல. இதுலருந்து ஒரு பெரிய லோடே வெளிய போயிருக்கு. அழிக்கிறவன் எதுக்கு அனுப்பணும்?"

மணிமுத்துவின் முகம் மலர்ந்தது. "காப்பி எடுத்திருக்காக!"

"யாரு எடுத்தது?" என்று கேட்டார் அதிகாரி.

கற்பகவல்லி மூன்றாவது கட்டளையைத் தட்டினாள். யார் யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்ற விவரம் வந்தது. "தீ பிடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு ஆள்தான் நுழைஞ்சிருக்காரு. மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர்லருந்து."

பாண்டிராஜ் வேட்டி நுனியைக் கசக்கினார். ஜெயச்சந்திரன் நாற்காலி சரிய எழுந்தார்.

"ஏலே! சுத்தமா அழிச்சிட்டேன்னு சொன்னியேலே!"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கச் சிறிது நேரமானது. அதற்குள் அதிகாரி அதை எழுதியே முடித்திருந்தார்.

"இவருக்குப் புத்தி அம்புட்டுத்தான் சார்," என்றாள் கற்பகவல்லி. "மேனேஜர் இவரு சொன்னபடி அழிச்சாரு. ஆனா நாளைக்குப் பழி தன் தலையில விழுந்தா முதலாளியை மிரட்ட ஒரு காப்பி வேணும்ல? ஆஸ்பத்திரியில வெந்து கிடக்கிறவரைப் பத்தி ரெண்டு பேருக்கும் ஒரு நினைப்புமில்ல. பாண்டிராஜ், எடுங்க அதை."

அவர் எடுத்தார். 'தீபாவளி ஆர்டர்' என்று பெயரிட்டு ஒளித்து வைத்திருந்த பதிவு ஓடியது. வாசலில் மொக்கைச்சாமி செல்போனைக் காவலாளியிடம் கொடுத்தான். உள்ளே திரும்ப இடமில்லாத அளவு ஆட்கள். ஒரு பெண் கால் இடறி விழ, அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்தன, பொறி பறந்தது. கதவருகே நின்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்த ஜெயச்சந்திரன்தான் முதலில் ஓடினார். மொக்கைச்சாமியும் வெளியே வந்துவிட்டான். பிறகு திரும்பி உள்ளே போய், இடறி விழுந்த பெண்ணைத் தூக்கி வெளியே தள்ளினான். அப்போதுதான் கூரை சரிந்தது.

வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உக்காருத்தா, பேசித் தீத்துக்கலாம்," என்றார் ஜெயச்சந்திரன், குழைந்த குரலில்.

அவள் அவரைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும் பார்வை அது. பிறகு கற்பகவல்லியின் கையைப் பிடித்தாள்.

"மதுரைக்கு இப்ப பஸ் இருக்கும்லம்மா? அவருக்குக் கண்ணுலதான் கட்டு. காது நல்லாக் கேக்கும். நான் போயிச் சொல்லணும்."