ஸ்கேனில் சிக்கியவள்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் எடுத்தார். பேசியவர் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்.

"மேடம்... நேத்து எங்க ஆராய்ச்சிக்காக நுரையீரல் ஸ்கேன் எடுத்துக்கிட்டவர், போன மாசமே செத்துட்டாராம்."

"செத்தவருக்கு எதுக்கு சார் ஸ்கேன்?"

"அதுகூடப் பரவாயில்ல. படத்துல தெரியறது பொம்பளை உடம்பு..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

செத்தவரின் வீடு ஒரே அறை. கதவைத் திறந்தவள் அவர் மனைவி. அச்சகத்தில் பைண்டிங் வேலை. தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கொடியில் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"புருஷனை என்ன பண்ணே?"

"லாரி பண்ணிடுச்சு மேடம்."

விசாரித்தார். உண்மைதான்.

மீதியை அவளே சொன்னாள். மாசக்கணக்காக இருமல். போன இடமெல்லாம் சிரப்புதான் கொடுத்தார்கள். இதே பெரிய டாக்டரிடமும் போனாளாம். இந்த ஆராய்ச்சி சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு மட்டும்தான், உனக்கெல்லாம் புற்றுநோய் வராது என்று அனுப்பிவிட்டாராம். அதில் சேர்ந்திருந்த கணவருக்கு ஸ்கேன் தேதி வந்தபோது அவர் இல்லை. அவர் சட்டை இருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

"அவர் ஊதினதுல பாதி எனக்குள்ளதானே மேடம் போச்சு..."

இன்ஸ்பெக்டர் அவளை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனார்.

பெரிய டாக்டர் குதித்தார். ஆள்மாறாட்டம், மோசடி, ஆராய்ச்சியே பாழ் என்று அடுக்கினார்.

"படத்துல என்ன இருந்தது சார்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சின்னக் கட்டி. ஆரம்பம்தான். எடுத்துட்டா பொழைச்சுக்குவாங்க. ஆனா ஆராய்ச்சி விதிப்படி..."



"கேஸுக்குத் தடயம் வேணும் சார். தடயம் இவங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. எடுத்துக் குடுங்க."

எடுத்தார்கள். புற்றுநோயேதான்; பரவவில்லை.

டாக்டரின் ஆராய்ச்சியில் அதுவரை அகப்பட்டவை எல்லாம் முற்றியவை. ஆரம்பத்திலேயே பிடிபட்டது இவளுடையது ஒன்றுதான். அதைக் கணக்கில் காட்ட ஆசை. ஆனால் விதியில் பெண்ணுக்கு இடமில்லை. மேலிடத்தில் மன்றாடி விதியை மாற்றினார். சிகரெட்டையே தொடாத பெண்களும் இப்போது வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு நாள் காலை டாக்டர் ஸ்டேஷனுக்கே வந்தார். தயங்கினார்.

"மேடம்... அந்தம்மா மேல போட்ட கேஸை வாபஸ் வாங்கிடலாமா?"

"நான் கேஸே போடலையே சார்."

"அப்போ தடயம் வேணும்னு ஏன் ஆபரேஷன் பண்ணச் சொன்னீங்க?"

"பண்ணாம விட்டிருந்தா போட்டிருப்பேன்."

"அந்தம்மா மேலயா?"

"உங்க மேல."