ஆ ஃபூக் கடையில் வெள்ளை விளக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆ ஃபூக் கடையில் உட்கார்ந்ததும் நானும் என் மனைவி தர்ஷினியும் முதலில் செய்கிற வேலை, மேசைக்கடியில் கைப்பட்டைகளை மாற்றிக்கொள்வது. என் பட்டை அவள் மணிக்கட்டுக்குப் போகும். அவளுடையது எனக்கு வரும். கொக்கியைக் கழற்ற என் விரல்கள் ஒவ்வொரு வாரமும் தடுமாறும், அவளும் ஒவ்வொரு வாரமும் கிண்டல் செய்வாள்.

"தாலிக்கே ஒழுங்கா முடிச்சுப் போடத் தெரியாத ஆளுதானே நீ," என்றாள் அன்றைக்கு. "இதுல திருட்டு வேலை வேற."

"மெதுவா பேசு. மேசைக்குக் காது இருக்கு."

"கண்ணுதான் இருக்கு, லோகு. காது இல்ல."

புந்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேதான் அந்த டிம் சம் கடை, சீனர்களின் ஆவிப் பலகாரக் கடை. பெரிய கடையெல்லாம் இல்லை. வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், எப்போதும் ஈரமாக இருக்கும் சிமெண்டுத் தரை. ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளைச் சுமந்துகொண்டு தள்ளுவண்டிகள் தாமாகவே மேசை மேசையாக வரும். வேண்டிய கூடையின் மூடியில் மணிக்கட்டை வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் மூடி திறக்கும். சிவப்பு எரிந்தால் திறக்காது. வாசனை பிடித்துக்கொள்ளலாம், அதற்கு வாரியம் இன்னும் தடை போடவில்லை.

வாரியம் என்றால் உடற்காப்பு வாரியம். நாட்டில் எல்லாருடைய வைத்தியமும் அதன் பொறுப்பு. அதனால் எல்லாருடைய வாயும் அதன் பொறுப்பு ஆகிவிட்டது. இரவெல்லாம் படுக்கையில் இருக்கும் உணரி நம் உடம்பைத் துருவிப் பார்க்கும். காலையில், இன்றைக்கு எதைத் தின்னலாம் என்ற அனுமதி கைப்பட்டைக்கு வந்துவிடும். வீட்டு அலமாரி, கடைத் தட்டு, கோயில் பிரசாதம் எல்லாவற்றுக்கும் உணவுப்பூட்டு உண்டு. ஒருவர் திறந்த கூடையில் வேறு பட்டை கட்டிய கை நீண்டால் மேசை அலறும். பகிர்ந்து தின்பதற்கென்றே பிறந்த சாப்பாடு இது. அதைக் கொண்டுவந்து வைத்து, அவரவர் கூடையை அவரவர் தின்னுங்கள் என்கிறார்கள். நல்லா இருக்கிறது நியாயம்.

எனக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம். இருக்கிற வியாதி எல்லாவற்றுக்கும் என் உடம்பில் இடம் உண்டு. என் பட்டைக்கு வெறுங்கஞ்சியும் கீரைக் கொழுக்கட்டையும் தவிர எல்லாம் சிவப்பு. தர்ஷினிக்கு இரும்பு உடம்பு, எதைத் தொட்டாலும் பச்சை. அதனால்தான் வாரத்தில் ஒரு காலை இந்த மாற்றம். அவள் கஞ்சி குடிப்பாள், நான் இனிப்பு வழியும் முட்டை டார்ட் தின்பேன். பிடிபட்டால் இருவர் பட்டையையும் கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்டு, ஆயுசு முழுக்கக் கஞ்சி என்று எழுதிவிடுவார்கள். வாரியத்துக்கு நம் குடல் வரைக்கும் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் மேசைக்கடியில் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

அன்றைக்கு அவள் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. கொஞ்ச நாளாக முதுகு வலி. நாங்கள் இருவரும் சேர்ந்து மெத்தையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள். தேநீருக்குப் பூட்டு இல்லை. இந்தக் கடையில் யாரும் தன் கோப்பைக்குத் தானே முதலில் ஊற்றிக்கொள்வதில்லை. அடுத்தவருக்குத்தான் ஊற்ற வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார். அதுதான் நன்றி. நான் தட்டினேன். வண்டி வந்து நின்றது. என் பட்டைக்குத் திறந்த கஞ்சிக் கிண்ணத்தை அவள் எடுத்துக்கொண்டாள். முட்டை டார்ட் கூடையின் மூடியில் மணிக்கட்டை வைத்தேன்.

வெள்ளை விளக்கு எரிந்தது.

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அதற்குப் பக்கத்து மேசையிலும் நின்றது. சாசில் தோய்த்த கரண்டி ஒன்று யார் கையிலிருந்தோ விழுந்தது.

வெள்ளை என்றால் விடுவிப்பு. இந்த உடம்பை இனிக் காப்பாற்ற முடியாது என்று வாரியம் முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். எந்தக் கதவையும் தட்டிக் கேட்க முடியாது. அன்று முதல் எல்லா மூடியும் திறக்கும். எதை வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். மருத்துவமனையில் மட்டும் வலி மாத்திரை கொடுக்கிற ஜன்னலைத் தவிர வேறு எதுவும் திறக்காது. பொல்லாத தாராளம்.

என் புத்தியைப் பாருங்கள். எனக்குத்தான் என்று முதலில் நினைத்தேன். சரி, வந்துவிட்டது, போகலாம் என்று ஒரு மாதிரி சமாதானம்கூட ஆனேன். பிறகுதான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அது அவள் பட்டை.

தர்ஷினி அதற்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டாள். கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் மெதுவாக வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தெருவில் யாரோ கூப்பிட்டதுபோல வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"தர்ஷு," என்றேன்.

கடைக்காரன் ஆ ஃபூக் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். சீனன்தான், ஆனால் தமிழ்ப் பிள்ளைகளோடு இதே தெருவில் உருண்டு புரண்டு வளர்ந்தவன். அவன் தமிழில் எனக்கு ஒரு குறையும் தெரியாது. என் தோளில் கை வைத்தான்.

"அங்கள்," என்றான். "நீங்க எங்க கடை ஆளு. என்னா வேணும்னாலும் சாப்டுங்க."

பானையை எடுத்து என் கோப்பையில் தேநீர் ஊற்றினான். இதுவும் இந்தத் தெருவின் வழக்கம்தான். வெள்ளை விளக்கு வந்த ஆளுக்குக் கடையில் இருக்கிற எல்லாரும் வந்து ஊற்றுவார்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அவ்வளவுதான். மேல் மாடிக் கிழவர் வந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். முகம் மட்டும் தெரிந்த, பேர் தெரியாத ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன். அவளுக்கு வரவேண்டிய மரியாதையை நான் திருடிக்கொண்டிருந்தேன். முட்டை டார்ட்டைவிடப் பெரிய திருட்டு.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, எனக்கில்லை, இவளுக்கு என்று கத்தப் போனேன். மேசைக்கடியில் அவள் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள்.

"உக்காரு," என்றாள் உதடு அசையாமல். "சொன்னா உனக்குக் கஞ்சிதான். நான் போன பிறகு நீ தனியா உக்காந்து கஞ்சி குடிக்கணுமா?"

"அதுக்காக?"

"எனக்காக. பேசாம இரு."

ஆ ஃபூக் அவள் பக்கம் குனிந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "ஆன்ட்டி, நீங்க தைரியமா இருக்கணும் லா. அங்களுக்கு இனி நீங்கதான் எல்லாம். உங்களுக்கு நல்ல ஒடம்பு, நீங்க ரொம்ப நாளு இருப்பீங்க."

"ஆமா," என்றாள் தர்ஷினி. "இருப்பேன்."

கைக்குழந்தைக்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தர்ஷினி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்டு, ஊராருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் பெண்டாட்டி. அந்த வாரியத்தில் இருக்கிறவர்கள் நாசமாய்ப் போக.

எல்லாரும் அவரவர் மேசைக்குப் போனார்கள். வண்டிகள் மட்டும் போகவில்லை. வெள்ளை வந்த மேசையைச் சுற்றிக்கொண்டு நிற்கும்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். பன்றி இறைச்சி வைத்த பாவ் ரொட்டி, இறால் கொழுக்கட்டை, எள்ளுருண்டை எல்லாம் ஆவி பறக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பட்டையைக் கழட்டு," என்றேன். "மாத்திக்கலாம். உனக்குப் புடிச்சதெல்லாம் சாப்டு."

"எனக்குத்தான் எல்லாமே எப்பவும் தொறந்து இருந்துச்சே. புதுசா என்னா சாப்பிடப் போறேன்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். கெஞ்சுவோம். கால்ல விழுவோம்."

"யாரு கால்ல, லோகு?"

வாரியத்துக்குக் கால் கிடையாது.

அவள் கையை நீட்டி, பக்கத்து வண்டியில் இருந்த பாவ் கூடையின் மூடியில் மணிக்கட்டை வைத்தாள். என் பட்டை. சிவப்பு எரிந்தது. மூடி அசையவில்லை. அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரமாட்டேங்குது பாரு," என்றாள்.

"தர்ஷு, வேணாம்."

எள்ளுருண்டைக் கூடையில் வைத்தாள். சிவப்பு. அவள் உதடு கோணியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு பயப்படுது பாரு. ஒரு உருண்டை தின்னா எனக்கு ஏதாச்சும் ஆயிடும்னு." அவள் பட்டையை மறு கையால் மூடிக்கொண்டாள். "இத எங்கிட்டயே விட்டுடு, லோகு. கொஞ்ச நாளைக்கு. நான் இருக்கணும்னு இது நெனச்சிட்டுப் போகட்டும்."

சரி என்று தலையை ஆட்டினேன். அவள் நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு கூடையாக மணிக்கட்டை வைக்கத் தொடங்கினாள். சிவப்பு எரிந்தது. அடுத்ததிலும் சிவப்பு எரிந்தது. அவள் அடுத்த கூடைக்குப் போனாள்.