சும்மா கிடந்த பேர்

அன்று பனிமூட்டம் இறங்கியிருந்ததா இல்லையா என்று பிரேமினிக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு தோட்டத்து லய வீட்டுக்கு வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்தபடி "பூரணி" என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. "ஏம்மா" என்று அடுப்பெரிந்த குசினிக்குள்ளிருந்து மகள் கேட்டாள். "ஏம்மா" என்று கீழே தேயிலைக்குள்ளிருந்தும் கேட்டது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, கீழே இருந்தது இருமியது.

பூரணி என்பது மூத்தவளின் பேர். பதினொரு மாதத்தில் சளிக்காய்ச்சலில் போனவளை அந்தத் தேயிலைக்குள்தான் புதைத்தார்கள். சாவைப் பதியவில்லை. அடுத்த வருடம் இளையவள் லயத்திலேயே பிறந்தபோது, அவளுடைய பிறப்பையும் பதியவில்லை.

"பேரும் சும்மா கெடக்கு, தாளும் பொட்டியில கெடக்கு. இவ வச்சுக்கட்டும்" என்றான் கணவன் யோகேஸ்வரன். மூத்தவளின் அந்தப் பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் இளையவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மகளின் தலைமுடியில் தேயிலைப் பூ ஒட்டியிருந்தது.

"ஸ்கூலுக்குப் போகலியா?"

"அக்கா போனா. நான் தேயிலைக்குள்ள இருந்தேன்."

பிரேமினி அவளுடைய பள்ளிக் கொப்பியைப் புரட்டினாள். அன்றைய தேதியில் டீச்சரின் சிவப்புக் கையெழுத்து இருந்தது.

"அக்கா பேரு என்னா?"

"பூரணி."

"அப்ப ஒன் பேரு?"

சிறுமி சுவரைப் பார்த்தாள். "அதத்தாம்மா அவளும் கேக்குறா."

பிரேமினி யோகேஸ்வரனிடம் சொன்னாள். "தாளுல ஒரு பேருதான் இருக்கு. கண்டதயும் பேசாத" என்றான்.

அதற்குப் பிறகு பிரேமினி அந்தப் பேரைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன மகள் திரும்பவில்லை. பனிமூட்டம் வாசற்படி வரை வந்துவிட்டது. பீலிக்கு அப்பால் பள்ளம்.

"மகளே."

"தங்கம்."

தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

கூப்பிட்டாள்.

"பூரணி."

காலடி. ஈரக் காலடி. ஏறி வந்தது. கையில் குடம் இல்லை. இருமல்.

உள்ளே வந்தது. கதவைத் தானே சாத்தியது. போன மாதம் தைத்த கவுன் முழங்காலுக்கு மேலே நின்றது.

யோகேஸ்வரன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். பிள்ளை திடீரென்று வளர்ந்துவிட்டதில் அவனுக்குச் சந்தோஷம். பூரணி ஒருநாளும் பள்ளிக்கூடம் தவறியதில்லை. பிரேமினி இன்னும் கொழுந்து எடுக்கிறாள். பனி இறங்கும் பின்னேரங்களில் கீழே குடம் தளும்புகிறது, "அம்மா" என்று ஒரு குரல் கேட்கிறது. தேடி இறங்கினால் குரலும் இறங்குகிறது. நின்று, கூப்பிட வாய் திறக்கிறாள். அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லை.