இடது கைத் துக்கம்

"தப்பு இருந்தா என் காதுல மட்டும் சொல்லு. ஊர் காதுக்குப் போக வேண்டாம்."

"உன் காதுல எப்பவும் மரத்தூள்தான். எங்கே கேட்கும்?"

"அப்போ சத்தமாவே சொல்லு. ஆனா கதவைச் சாத்திட்டுச் சொல்லு."

கல்யாணமான புதிதில் நசாரியோவும் காசில்டாவும் பேசிக்கொண்டது இது. அவன் மரப்பலகையில் படம் செதுக்குவான். அவள் மை தடவி அச்செடுப்பாள். மை காய்வதற்குள் அது வஹாக்கா நகரத்துச் சுவர்களில் ஏறிவிடும். ஆளுநருக்குப் பன்றி மூக்கு... காணாமல் போன பிள்ளைகளுக்கு அவரவர் முகம்.

இப்போது கதவைச் சாத்தினாலும் ஒன்றுதான், சாத்தாவிட்டாலும் ஒன்றுதான்.

சந்தைக்குப் பின்புறச் சுவரடியில் குப்புறக் கிடந்தான் நசாரியோ.

முதுகில் குண்டு. பக்கத்தில் கவிழ்ந்த வாளி. மைதா பசையில் ரத்தம் கலந்து, வெயிலில் காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

சுவரில் அவன் செதுக்கிய கடைசிப் படம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாயில் கைக்குட்டை கட்டிய ஒருவன். இடது கையில் துப்பாக்கி. அந்தக் கையில் சுண்டு விரல் இல்லை. கீழே, 'இவனைத் தெரியுமா?'

வாத்தியார்கள் ஊர்வலத்தில் எல்வீரா டீச்சரைச் சுட்டவன் அவன். பார்த்த ஒரே சாட்சி நசாரியோ. டீச்சரின் ரத்தம் சட்டையில் காய்வதற்கு முன்பே பலகையை எடுத்து உட்கார்ந்துவிட்டான். ஊர் முழுக்க ஒட்டினான்.

ஆனால் இந்தச் சுவரில் மட்டும் அந்தக் கை சுரண்டப்பட்டிருந்தது.

சுரண்டுகிற தகடு நசாரியோவின் கையிலேயே இருந்தது!

தான் ஒட்டியதைத் தானே ஏன் சுரண்டினான்...?

விசாரணை அதிகாரி அர்மெந்தாவுக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. அன்று மாலையே பால்தொமேரோவைப் பிடித்துவிட்டார். திருவிழாவுக்கு வெடிக் கோபுரம் கட்டுகிறவன். வெடி பறித்தது போக இடது கையில் நாலு விரல்தான் மிச்சம்.

படம் சொன்னது, பிடித்தோம் என்றார் அதிகாரி, பத்திரிகைக்காரர்களிடம்.

துக்க வீட்டுக்கும் வந்தார். சவப்பெட்டியைச் சுற்றிக் காப்பியும் ரொட்டியும் போய்க்கொண்டிருந்தன. வந்த ஆண்கள் எல்லோரும் காசில்டாவுக்கு வலது கை கொடுத்துத் துக்கம் கேட்டார்கள். அர்மெந்தா நீட்டியது இடது கை. வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

காசில்டாவுக்குச் சுருக்கென்றது. அவள் நாக்கு நுனி வரை ஒன்று வந்தது.

பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிற விஷயமா? விழுங்கிவிட்டாள்.

*

மறுவாரம் பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெத்ரோனா. பால்தொமேரோவின் மனைவி.

"உன் புருஷனைப் புதைச்சாச்சு. என் புருஷனை எப்போ புதைக்கிறதா உத்தேசம்?"

"அக்கா, நான்..."

"அக்கான்னு கூப்பிட்டுட்டா ஆச்சா? டீச்சரைச் சுட்ட அன்னிக்கு அந்த மனுஷன் கோயில் வாசல்ல மூங்கில் கட்டிட்டு இருந்தார். பாதிரியார் பார்த்திருக்கார். கேட்க ஆளில்லை. ஏன்னா, நசாரியோ கை பொய் சொல்லாதாம்!"

காசில்டா தலை குனிந்தாள்.

பெத்ரோனா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"பெரிய கலைஞன்! கொலைகாரனுக்குப் பொம்பளைச் சட்டை மாட்டி விட்டிருக்கான். பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. கட்டின புருஷனுக்கு ஒரு நாளாவது பட்டன் போட்டு விட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவள் போய்விட்டாள்.

காசில்டா படத்தைப் பார்த்தாள். பட்டன்கள் அந்த ஆளின் இடது பக்கம். பெண்கள் சட்டையில் இருப்பதைப் போல.

உள்ளே ஓடினாள். பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தாள்.

பலகையில் பட்டன் வலது பக்கம். துப்பாக்கி வலது கையில். எல்லாமே சரியாக இருந்தது.

அதுதான் தப்பு!

அச்செடுத்தால் படம் இடம் வலமாகத் திரும்பும். அதனால் செதுக்குகிறவன் முதலிலேயே திருப்பிப் போட்டுச் செதுக்க வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. அன்றைக்கு மட்டும் நசாரியோ கண்ணால் பார்த்ததை அப்படியே செதுக்கிவிட்டான். கோபம் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. கீழே இருந்த வாசகம் எப்போதும் பயன்படுத்துகிற தனிப் பலகை. அது ஒழுங்காக விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொலைகாரனுக்கு விரல் இல்லாத கை... வலது கை!

நசாரியோ அதைக் கண்டுபிடித்திருக்கிறான். அதனால்தான் சுரண்டியிருக்கிறான். சாவதற்கு முன், முக்கியமான ஓர் ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனானே... யாரை?

பட்டறையின் மூத்த கூட்டாளி ஃபிதென்சியோவிடம் சொன்னாள். அவர் மெஸ்கால் சாராயக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பேசியதெல்லாம் ஒரே பாட்டுதான். நசாரியோ இன்று தியாகி, கொடியில் அவன் முகம் இருக்கிறது, அவன் படமே தப்பு என்றால் நாம் ஒட்டிய அத்தனை படமும் பொய் என்பார்கள், காணாமல் போன பிள்ளைகளைக்கூடப் பொய் என்பார்கள்.

"கதவைச் சாத்திட்டு அழு, காசில்டா. வெளியில சொல்லாதே."

"அவரும் இதையேதான் சொன்னார்."

"பார்த்தியா?"

"கதவைச் சாத்தினா உள்ளே மாட்டிக்கிறது பால்தொமேரோ, அண்ணே."

அவள் புதுப் பலகை ஒன்றை எடுத்தாள். முகம் செதுக்கவில்லை. ஒரு கை மட்டும். வலது கை. நாலு விரல். இந்த முறை திருப்பிச் செதுக்கினாள். கீழே ஒரு வரி, 'தப்பு எங்களுடையது. கை இது.'

இரண்டாவது தடவையாகக் கணவனைக் கொல்வது போலிருந்தது. உளியைக் கீழே வைக்கவில்லை.

*

முறைப்படி வாக்குமூலம் கொடுக்க மறுநாள் அவளே அர்மெந்தாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

அவர் இடது கையால் நாற்காலியைக் காட்டினார். இடது கையால் காப்பியை நகர்த்தி வைத்தார். வலது கை வழக்கம் போலப் பைக்குள்.

"சார், என் வீட்டுக்காரர் படத்துல ஒரு தப்பு..."

அவர் பெருமூச்சு விட்டார்.

"கை மாறிப் போச்சு. கோபத்துல திருப்பாம செதுக்கிட்டார். அதானே சொல்ல வர்றீங்க? விடுங்கம்மா. செத்தவர் பேரை ஏன் கெடுக்கிறீங்க?"

காசில்டா எடுத்த காப்பிக் கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

அவள் இன்னும் எதையும் சொல்லவில்லை.

என்ன தப்பு என்று சொல்லவில்லை. கை என்று சொல்லவில்லை. இவளுக்கு முன்னால் அதை இங்கே வந்து சொல்லியிருக்கக்கூடியவன் ஒருவன்தான். தன் தப்பால் ஓர் அப்பாவி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, கவுரவத்தை விட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதே நாற்காலியில் உட்கார்ந்து...

நசாரியோ தன் தப்பை ஒரே ஒரு காதில்தான் சொன்னான்.

அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார்!

"வேற யாருக்குத் தெரியும் இது?" அர்மெந்தாவின் குரல் தணிந்திருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவள் உள்ளே வரும்போது காலியாக இருந்த எதிர்ச் சுவரில் வரிசையாக நாலு விரல் கைகள். ஃபிதென்சியோ ஏணி மேல் நின்று திட்டிக்கொண்டே ஒட்டிக்கொண்டிருந்தார். பெத்ரோனா பசை வாளியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே சந்தையே திரண்டிருந்தது.

யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ஒரு பழக்காரர் தன் வலது கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் காட்டினார். வாத்தியார்கள், ஓட்டுநர்கள், ஐஸ்காரர்... ஜன்னலுக்கு வெளியே கைகளாக முளைத்தன. வாசலில் காவல் நின்ற போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவர்களும் வலது கையைத் தூக்கினார்கள்.

அர்மெந்தாவும் பார்த்தார். நெற்றியில் வியர்வை இறங்கியது. வலது கை பைக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

காசில்டா எழுந்தாள். துக்க வீட்டில் விழுங்கியது இப்போது வெளியே வந்தது.

"சார், அன்னிக்கே கேட்கணும்னு இருந்தேன். அந்த வலது கையைக் கொடுங்க... ஊரே கொடுத்துட்டு நிக்குது, துக்கம் கேட்க நீங்க ஒருத்தர்தான் பாக்கி."