கமாவின் காலை உருண்டை

"நான் வெளியூர் போற நாளாப் பார்த்து யாரோ என் நாய்க்கு விஷம் வைக்கிறாங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போது காலை எட்டே கால்.

அவள் லிஃப்ட் ஆய்வாளர். மாதத்தில் பாதி நாள் வெளியூர்க் கட்டடங்களில் கம்பிவடத்தையும் பிரேக்கையும் சோதிக்கிற வேலை. வீட்டில் அப்பாவும் கமா என்ற குட்டை நாயும்தான். அப்பா அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். வால் காற்புள்ளி போல வளைந்திருப்பதைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது.

எதிரே இருந்தவரை ஊரே 'நிதானம்' என்றுதான் அழைக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நோட்டும் கையுமாக அவருடைய மனைவியின் தம்பி. இவர் 'மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவர் மச்சானாகிவிட்டார். ஐம்பது வயதாகியும் அவசரம் குறையாத ஆள்.

"விவரமா சொல்லும்மா."

"போன ரெண்டு பயணத்துலயும் இதே கதை. காலைல எட்டு மணிக்கு அப்பா அதுக்கு ஒரு கோழிக்கறி உருண்டை கொடுப்பார். கடையில விக்கிற பாக்கெட்தான். பத்து மணிக்கெல்லாம் துவண்டு படுத்துடும். நான் வீட்டுக்கு வந்தா மறுநாளே துள்ளும். முந்தாநேத்து வலிப்பே வந்துடுச்சு, பாதி வேலையில ஓடி வந்தேன். மிருக டாக்டர் பார்த்துட்டு, ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்குன்னார். இன்னொரு வலிப்பைத் தாங்காதாம். மத்தியானம் நான் மறுபடி கிளம்பியாகணும்."

"காரணம்?"

"சர்க்கரைக்குப் பதிலா சில பண்டத்துல சேர்க்கிற ஒரு இனிப்பு நாய்க்கு ஆகாதாம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும் அந்த மாதிரிப் பண்டம் எங்க வீட்டுல கிடையாது. உருண்டையைச் சோதனைக்குக் கொடுத்தேன், சுத்தமா இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரையை உருண்டைக்குள்ள வச்சு நானே கொடுப்பேன். அதுவும் காரணம் இல்லைன்னுட்டார்."

"அப்பாகிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"விஷம்னு மட்டும் சொன்னேன். பாவம், பயந்துட்டார்."

அவள் கைப்பேசியில் கூடத்துக் கேமராவின் பதிவைக் காட்டினாள். பூட்டிய வீடு. பெரியவர் உருண்டையை விரல்களுக்கிடையே நெடுநேரம் உருட்டி, குனிந்து நாய்க்குக் கொடுத்தார். வேறு யாரும் வரவில்லை.

"பாசத்தோட கொடுக்கிறார் பாருங்க" என்றார் மச்சான்.

"மாடியில ஒரு பல் டாக்டர் இருக்கார். கமா குரைக்கிறது அவருக்குப் பிடிக்காது. போன மாசம் எங்க கதவுல இதை ஒட்டிட்டுப் போனார்." அவள் நீட்டிய சீட்டில் ஒரே வரி: 'இந்தச் சத்தத்துக்குச் சீக்கிரம் ஒரு முடிவு வரும்.'

மச்சான் அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அப்பா காலைச் சர்க்கரை மாத்திரையைப் போட்டாரா என்று கேட்க அவள் அவரை அழைத்தாள். குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"மாத்திரை?"

"உள்ள போயிடுச்சும்மா."

"கமா?"

"புதுப் பாக்கெட்தான் பிரிச்சேன். சாப்பிட்டுச்சு."

நிதானம் எழுந்துவிட்டார். "மணி எட்டரை. பத்துக்குள்ள உங்க வீட்டுல இருக்கணும்."

அவர்கள் நுழைந்தபோது கமா கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்து வாலை ஆட்டப் பார்த்தது. பின்னங்கால் மடங்கி அப்படியே சரிந்தது. அவள் தரையில் விழுந்து அதை வாரியெடுத்தாள்.

"சர்க்கரையைக் கரைச்சு ஈறுல தடவும்மா, விடாம தடவு" என்றார் நிதானம். மச்சான் அதற்குள் மாடிப்படி ஏறியிருந்தார்.

நிதானம் வீட்டைச் சுற்றி வந்தார். பெரியவரின் நாற்காலி அருகே பெரிய தண்ணீர்க் குடுவை, முக்கால்வாசி காலி. பெரியவரின் பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை. குளியலறையில் கழிப்பிடத்தைச் சுற்றி எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. அவற்றைப் பார்த்தபடி அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

மச்சான் பல் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார். "மாமா, ஆள் அகப்பட்டார். மேசை மேல டப்பா டப்பாவா சர்க்கரையில்லாத சூயிங்கம்."

"பல் டாக்டர்கிட்ட வேற என்ன இருக்கும்?" என்றார் அவர் எரிச்சலோடு. "நான் அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்றேன். அந்த முடிவைத்தான் எழுதினேன்."

"அவரை விடுங்க மச்சான். பூட்டின வீட்டுக்குள்ள, இப்பப் பிரிச்ச பாக்கெட்ல மாடியில இருந்து எப்படிக் கலக்க முடியும்? உருண்டையைத் தொட்டது ஒரே கை."

பெரியவரின் முகம் வெளுத்தது. "என்னையா சொல்றீங்க? கமாவுக்கு நான் விஷம் வைப்பேனா?"

"விஷம் இல்லை ஐயா. உங்க பொண்ணு ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டா. நாய்க்கு ரத்தத்துல சர்க்கரை இறங்கியிருக்கு."

"சர்க்கரையா?" என்ற பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

நிதானம் அவளிடம் திரும்பினார். "நீ வீட்டுல இருக்கும்போது சர்க்கரை மாத்திரையை உன் கண்ணு முன்னாடி முழுங்கிடுவார். அப்ப நாய் நல்லா இருக்கு. நீ இல்லாதப்ப உருண்டையை அவ்வளவு நேரம் உருட்டுறாரே, எதுக்கு? பூச்சி மாத்திரைக்கு நீ காட்டின வழிதான். போன்ல என்ன சொன்னார்? 'போட்டுக்கிட்டேன்'னு சொல்லலை. 'உள்ள போயிடுச்சு'ன்னார். வார்த்தையை எடை போட்டே பிழைச்ச மனுஷர், பொய் சொல்ல மாட்டார். யாருக்குள்ள போச்சுன்னு நீ கேட்கலை."

"அப்பா" என்றாள் அவள்.

"அதைப் போட்டா தலை சுத்துதும்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி குளியலறையில விழுந்துட்டேன். நீ இருந்தா பிடிச்சுக்க ஆள் இருக்கு, தைரியமாப் போடுவேன். சொன்னா வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவே. குப்பையில போட்டா உன் கண்ணுல படும். துளியூண்டு மாத்திரை, நாயை என்ன பண்ணிடப் போகுதுன்னு நினைச்சேன்." அவர் அழுதார்.

"நாய் பிழைச்சுக்கும்" என்றார் நிதானம். கமா அவள் விரலை நக்கத் தொடங்கியிருந்தது. "எனக்கு இப்ப பயம் உங்க அப்பாவைப் பத்திதான். குடுவை காலி, உடம்பு இளைச்சு பெல்ட்ல புதுத் துளை, சிறுநீர்ல சர்க்கரை போய் கழிப்பிடத்துல எறும்பு. இவர் ரத்தத்தைப் பாரும்மா."

அவள் அலமாரியிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து அப்பாவின் விரலில் குத்தினாள். நானூற்று அறுபது. பல் டாக்டர் அந்த எண்ணைப் பார்த்ததும் கார் சாவி எடுக்க மாடிக்கு ஓடினார். மச்சான் கமாவைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் புறப்பட்டார்.

அப்பா ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அவள் வேறொரு ஊரில், பதினோராவது மாடியில், திறந்த லிஃப்ட் குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு அழைத்தாள். மணி எட்டு.

"மாத்திரை?"

"எடுத்தாச்சும்மா."

"எடுத்து?"

அவள் குழிக்குள் தொங்கும் கம்பிவடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையிலதான் வச்சிருக்கேன்" என்றார் அப்பா கடைசியில். "கமாவை வெளியில விட்டுக் கதவைச் சாத்திட்டேன். நீ லைன்லயே இரும்மா. நான் முழுங்குற சத்தம் உனக்குக் கேட்கட்டும்."