கேக் அண்ணன் ஆடவில்லை

கோபமாக ஒருவன் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், 'அடுத்த பாட்டு உங்களுதுதான்' என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள் குயில். பிறந்தநாள் விழாக்களில் டீஜே மேசைக்குக் கோபத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் பாட்டு கேட்டுத்தான் வருவார்கள். இது அவள் அனுபவம்.

ஆனால் இவன் கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில், சரிந்துபோன கேக்கின் மேலடுக்கு. தொப்பியில் க்ரீம், மூக்கு நுனியில் க்ரீம். அதற்கு மேலே இரண்டு கண்கள்... கோபப்படவே பழகாத பெரிய கண்கள். குயில் ஹெட்போனைக் கழற்றினாள்.

"மேடம், உங்க ஸ்பீக்கரைத் தாண்டி கேக்கைத் தூக்கிட்டு வந்தேன். அது போட்ட அதிர்வுல மேல் மாடி விழுந்துடுச்சு. மீதி ரெண்டு மாடியை எப்படிக் காப்பாத்தினேன்னு எனக்கே தெரியலை."

"ஸ்பீக்கர் இருக்குன்னு தெரியுதுல்ல? சுத்தி வந்திருக்கலாமே."

"சுத்தி வர்ற வழியிலதான் உங்க போன் நிக்குது."

நிற்கத்தான் செய்தது. தன்னைத் தானே வீடியோ எடுப்பதற்காக நடைபாதை நடுவே ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தாள். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "சாரி" என்று முணுமுணுத்துவிட்டு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். அவன் தட்டோடு திரும்பிப் போனான். போகும்போதும் அந்தத் துண்டைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போனான்... பாவமாக இருந்தது.

குயில் என்பது தொழிலுக்கு வைத்துக்கொண்ட பெயர். அப்பாவுக்கு அவள் குட்டிம்மா. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர். வருஷக் கடைசிக்குள் நிலையாக புக்கிங் வரவில்லையென்றால் மிக்சரையும் ஸ்பீக்கரையும் விற்றுவிட்டுக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று பேச்சு. அவளும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டாள். அன்றிலிருந்து ரீல்ஸ் போட்டுத் தள்ளினாள். கறுப்புக் கண்ணாடி போட்டு ஒன்று, முடியை விரித்துப்போட்டு ஒன்று, விரல்களை மட்டும் காட்டி ஒன்று. பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் லைக் போட்டார்கள். அப்பாவும் போட்டார், வீடியோவைப் பார்க்காமலே.

பிறந்தநாள் வீடியோவை வீட்டில் போட்டுப் பார்த்தபோது, அன்றைக்கு அவள் கை பிரமாதமாக ஓடியிருந்தது. மண்டபத்து இரைச்சலை நீக்கி, தன் சுத்தமான மிக்ஸை அதன்மேல் ஏற்றிப் பதிவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். பின்னால் ஒரு மூலையில் தொப்பிக்காரன் ஒருவன் கேக்கோடு கடந்து போவதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் உலகம் எடுத்துக்கொண்டது. மூன்றடுக்கு கேக்கை நெஞ்சோடு அணைத்தபடி அவன் வலது தோளைத் தூக்கினான், இடது முட்டியை மடக்கினான், இடுப்பை அரைவட்டம் வளைத்தான்... எல்லாம் தாளம் பிசகாமல். 'யாருப்பா இந்த கேக் அண்ணன்?' என்று ஆரம்பித்து, கேக் அண்ணனுக்கு ரசிகர் மன்றம் வைக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். புக்கிங் கேட்டு போன் விடாமல் அடித்தது. குயிலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் எல்லாப் பேச்சும் ஒரே கேள்வியில் வந்து முடிந்தது. கேக் அண்ணனும் வருவாருல்ல?

வருவார், வருவார் என்று வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் அவனைத் தேடிக்கொண்டு போனாள்.

போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவன் கேக் செய்யும் பேக்கரியின் பின்வாசலில் தொப்பலாக நனைந்து நின்றவளை அவன் உள்ளே விட்டான். மாவு மூட்டைகள், வரிசையாகத் தட்டுகள், அடுப்பின் கதகதப்பு. தலை துவட்டத் துண்டு ஒன்றை நீட்டினான். அதிலும் வெனிலா வாசம். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது, உள்ளே அவள் கொட்டித் தீர்த்தாள். வீடியோ, புக்கிங், கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும்.

அவன் வீடியோவை வாங்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது.

"நான் ஆடலைங்க. கேக் சரியுது, அதைத் தாங்கிப் பிடிக்கிறேன். உங்க கண்ணுக்கு இது ஆட்டமாவா தெரியுது?"

தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன... உதவி செய்ய முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றான். கல்யாண வீட்டில்கூட நான் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவன் என்றான். சரி என்று எழுந்தவள், வாசல் வரை போய், எனக்குக் கண்ணாடிக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது குரல் லேசாக உடைந்துவிட்டது. அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வருகிறேன் என்றான். கேக் மேசைக்குப் போய்ச் சேரும்வரை சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

முதல் விழாவில் குயில் வாக்குத் தவறாமல் சத்தத்தைக் குறைத்தாள். அவன் ஆஸ்பத்திரிக்கு டிபன் கொண்டுபோகிறவன் மாதிரி நேராக நடந்துபோய் கேக்கை வைத்துவிட்டான். கூட்டம் உச்சுக்கொட்டியது. வேறு வழியில்லை. அடுத்த விழாவில் அவன் பாதி தூரம் வந்ததும் ஸ்பீக்கரை மெல்ல ஏற்றிவிட்டாள். கேக் ஆடியது, கேக்கோடு அவனும் ஆடினான். மண்டபம் அதிர்ந்தது. கேக்கை இறக்கிவிட்டு வந்தவன் அவளை முறைத்தான், அப்புறம் சிரித்துவிட்டான்.

இனிமேல் உள்ளே தெர்மாகோல் வைத்து வெளியே க்ரீம் பூசிக் கொண்டுவரலாமே, விழுந்தாலும் நஷ்டமில்லை என்று அவள் யோசனை சொன்னாள்.

"பொய் கேக்கை எப்படிங்க காப்பாத்துறது? பயமே வராதே."

அந்தப் பதிலில் குயில் சொக்கிப்போனாள். இப்படியும் ஒரு மனுஷனா... அன்று இரவு யாரோ ஒருவருக்கு 'கேக் அண்ணன் கட்டாயம் வருவார்' என்று பதில் அடிக்கப் போனவளுக்கு 'அண்ணன்' என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்து மறுபடி அழித்தாள். கடைசியில் 'கேக் மாஸ்டர்' என்று அனுப்பினாள். தனியாக உட்கார்ந்திருந்தும் முகம் சிவந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்வரை. பேக்கரியில் இருவரும் இருக்கும்போது போன் வந்தது. கையில் மாவு என்பதால் அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான்.

"பாட்டு யாரு போட்டா என்ன தம்பி, நீங்க வந்தாப் போதும். அந்தப் பொண்ணைப் பாட்டை ஒரு பென்டிரைவ்ல குடுத்துவிடச் சொல்லுங்க."

அவன் சிரித்துவிட்டான். வேண்டுமென்று அல்ல, வந்துவிட்டது. குயிலுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் வந்த புக்கிங் ஒன்றுகூடத் தனக்கு வந்ததில்லை என்று தெரிந்தே தான் ஊரையும் அப்பாவையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது உறைத்தது. பையை எடுத்துக்கொண்டாள். இனிமேல் அவன் தனியாகவே போகலாம், பென்டிரைவ் வேண்டுமானால் வாங்கித் தருகிறேன் என்றாள். நான் என்னங்க செஞ்சேன் என்று அவன் பின்னாலேயே ஓடிவந்தான். அவள் நிற்கவில்லை. அவனும் தெருமுனையோடு நின்றுவிட்டான், அவனுக்கும் ரோஷம் என்று ஒன்று உண்டு.

அன்று மாலையே பழைய வீடியோவை மண்டபத்து இரைச்சலோடு அப்படியே போட்டாள். அவர் ஆடவில்லை, என் ஸ்பீக்கரால் சரிந்த கேக்கைக் காப்பாற்றினார், பாட்டை நான்தான் மேலே ஏற்றினேன் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். அவர் இனி வரமாட்டார் என்றும் சொன்னாள். புக்கிங் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஒன்றே ஒன்று மிஞ்சியது, ஒரு தம்பதியின் திருமண நாள். அவர்களும் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும் என்று இவளே போன் போட்டு விஷயத்தைச் சொன்னால், "எந்த கேக் அண்ணன்?" என்றார் அந்த அம்மா. விரல்களை மட்டும் காட்டிய பழைய வீடியோவைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடைசி நிகழ்ச்சி என்று அப்பாவும் கூட வந்தார், சாமான்களைத் திருப்பிக் கொண்டுபோக. மிச்ச ஒயர்கள் சிக்கலாகக் கிடப்பதைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை, ஓரமாக உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் யாரும் ஆடவில்லை. குயில் ஒரு பாட்டை விட்டு இன்னொரு பாட்டைப் பிடித்து, கூட்டத்தின் முகம் பார்த்துப் பார்த்து மெல்லத் தாளத்தை ஏற்றினாள். ஒரு சித்தப்பா எழுந்தார். சித்தியைக் கை பிடித்து இழுத்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் காலி. கேக்கும் இல்லை, அண்ணனும் இல்லை, அவள் பாட்டுக்குத்தான் அத்தனை பேரும் ஆடினார்கள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"குட்டிம்மா, அந்த நீலச்சட்டைத் தம்பிக்குக் கண்ணுல ஏதும் கோளாறா? எல்லாரும் ஒரு பக்கம் பாத்து ஆடுறாங்க, அவர் மட்டும் உன்னையே பாத்து ஆடுறாரு."

அவன்தான். தொப்பி இல்லை, கையில் கேக் இல்லை. தாளத்துக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்... அவ்வளவு கேவலமான ஆட்டத்தை குயில் பார்த்ததே இல்லை. அப்பா மறுபடி ஒயர்களிடம் போய்விட்டார். சாப்பாட்டு நேரம் வந்ததும் மெதுவான பாட்டொன்றைப் போட்டுவிட்டு நின்றாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"கேக் ஆர்டரா?" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"இல்ல, கேக் வேற கடை. சுமாரா இருக்கு." தயங்கினான். "பாட்டு கேக்க வந்தேன். விழா வச்ச அம்மாகிட்ட கேட்டேன், உள்ள விட்டாங்க. அன்னைக்குச் சிரிச்சது தப்பு. இத்தனை நாள் உங்க பாட்டு ஒண்ணைக்கூட நான் ஒழுங்காக் கேட்டதில்ல... கண்ணும் காதும் கேக்குலயே இருந்துச்சு."

"இப்ப கேட்டாச்சா?"

"கேட்டாச்சு. நல்லா இருந்துச்சு. ஆனா பாட்டுக்காக மட்டும் வரலை." அந்தப் பெரிய கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. "நீங்க இல்லாம பேக்கரியில வேலை ஓடலை. உங்களைப் பிடிச்சிருக்கு, குயில்."

குயிலுக்கு நெஞ்சு ஸ்பீக்கரைவிட அதிகமாக அடித்தது. எனக்கும்தான், ரொம்ப நாளாக, என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு வெட்கம் வந்து, வெட்கத்தை மறைக்க மிடுக்கும் வந்தது.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அங்க ஒயர் பிரிச்சுக்கிட்டு இருக்காரே, எங்க அப்பா. அவர்கிட்டச் சொல்லுங்க, பாப்போம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிஜமாகவே அப்பாவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான். பாட்டு நின்றுபோக விடக்கூடாது என்பது டீஜே தொழிலின் முதல் பாடம். குயில் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை. மண்டபம் முழுக்க ஸ்பூன் சத்தம்கூட இல்லாத நிசப்தம்... பாட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் தயார் செய்து வைத்திருந்த அவன், அதே தொண்டையில் சொன்னான்.

"சார், உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படுறேன்."

சித்தப்பா வாயில் வைத்ததை விழுங்கவில்லை. எல்லாக் கண்ணும் அப்பா மேல். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவனை மேலும் கீழும் பார்த்தார். தூரத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்தார். அப்புறம் ஒயரின் ஒரு முனையை அவனிடம் நீட்டினார்.

"இதைக் கெட்டியாப் பிடிங்க தம்பி. இனிமே அடிக்கடி சுத்த வேண்டியிருக்கும் போல."